ஒலிநூலைக் கைக்கருவியில் கேட்பது: கேள்வி பதில்

இறக்கிய ஒலிநூல்களைக் கையடக்கக் கருவிகளில் கேட்பதில் வரும் தடைகளுக்கு மட்டும் இந்த அமர்வில் விடை சொல்கிறேன். கருவி எது, கோப்பின் பின்னொட்டு என்ன, எந்த வழியாக நகலெடுத்தீர்கள் என்ற மூன்றையும் தவறாமல் குறிப்பிடுங்கள்; "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் ஊகித்துத்தான் சொல்ல முடியும். முதலிலேயே ஒரு வேண்டுகோள்: கணினியில் "பாதுகாப்பாக வெளியேற்று" என்பதைக் கொடுக்காமல் கம்பியைப் பிடுங்காதீர்கள். நகலெடுக்கும் பட்டை முழுதாக நிரம்பிய பிறகும் கணினி கொஞ்சம் தரவைத் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கக்கூடும்.

பாதசாரி: வணக்கம் ஐயா. நூல் முழுவதையும் இறக்கி எம்பி3 பிளேயரில் போட்டேன். பட்டியலில் எதுவுமே தெரியவில்லை. கோப்பின் பெயர் ஜிப் என்று முடிகிறது.

விடை: அது கட்டப்பட்ட மூட்டை. கணினியில் பிரித்து, உள்ளே இருக்கும் கோப்புறையை மட்டும் பிளேயருக்கு மாற்றுங்கள்.

இரவுக்காகம்: முதல் அத்தியாயம் முடிந்ததும் பத்தாவதுக்குத் தாவுகிறது, பிறகு பதினொன்று, பன்னிரண்டு, அதன் பின்புதான் இரண்டு. சாதாரண எம்பி3 பிளேயர், எம்பி3 கோப்புகள், யூஎஸ்பி வழி நகல்.

விடை: சொல்ல வேண்டியவற்றை எல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். கருவிகள் கோப்புகளை வரிசைப்படுத்த மூன்று வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றன. முதல் வகைக் கருவி கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது. அதற்கு 10 என்பது எண் அன்று, 1 என்ற குறியை அடுத்து வரும் 0 என்ற குறி. ஆகவே அது 2 என்பதற்கு முன்னால் வந்துவிடுகிறது. பெயர்களை 01, 02 என்று தொடங்கினால் இது தீரும். நூறு பகுதிகளைத் தாண்டும் நூலாக இருந்தால் 001 என்று தொடங்குங்கள்.

இரண்டாம் வகை, பெயரைப் பார்ப்பதே இல்லை. கோப்புக்குள் டேக் எனப்படும் விவரக்குறிப்பில் இருக்கும் தட எண்ணை மட்டுமே பார்க்கிறது. தட எண் வெறுமையாக இருந்தாலோ, பல தொகுதிகளாக வந்த நூலில் ஒவ்வொரு தொகுதியும் மறுபடி 1 என்று தொடங்கினாலோ அத்தியாயங்கள் கலைந்துவிடும். எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்து ஒரே மூச்சில் தொடர் எண் கொடுத்துவிடலாம்.

மூன்றாம் வகைதான் பலரைக் குழப்புகிறது. மலிவான பிளேயர்கள் சில, பெயரையோ டேக்கையோ பாராமல், ஃபேட் கோப்பு முறைமையின் (கருவியின் நினைவகத்தில் கோப்புகளை அடுக்கும் முறை) அடைவில், அதாவது கோப்புப் பட்டியலில், பதிவாகியிருக்கும் வரிசையிலேயே, அதாவது கோப்புகள் கருவிக்குள் வந்து சேர்ந்த வரிசையிலேயே ஒலிக்கும். கணினித் திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், ஏனென்றால் கணினி தானாக அடுக்கிக் காட்டுகிறது; கருவியிலோ வேறு வரிசை வரும். இதற்கு, கோப்புறையை அழித்துவிட்டுக் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நகலெடுக்க வேண்டும். அல்லது ஃபேட்சார்ட் போன்ற நிரலால் அந்த அடைவையே வரிசைப்படுத்த வேண்டும். உங்கள் தாவலைப் பார்த்தால் முதல் வகை என்றே தோன்றுகிறது.

கற்றது கைமண்: எம்4பி கோப்பின் பெயரை எம்பி3 என்று மாற்றியும் பழைய பிளேயர் ஏற்கவில்லை.

விடை: பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் ஒலி மாறாது. எம்4பி என்பது ஒலியையும் மற்ற விவரங்களையும் ஒன்றாக அடைத்து வைக்கும் எம்பெக்-4 கொள்கலன். அதில் பெரும்பாலும் ஏஏசி முறையில் குறுக்கிய ஒலியும் அத்தியாயக் குறிகளும் இருக்கும். எம்4ஏ கோப்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழப் பின்னொட்டு மட்டுமே. ஆகவே உங்கள் கருவி ஏஏசி ஒலியை ஏற்குமானால், எம்4ஏ என்று பெயர் மாற்றுவது மட்டும் பலன் தரக்கூடும். ஏற்காவிட்டால் எஃப்எஃப்எம்பெக் அல்லது ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைக் கொண்டு எம்பி3 ஆக மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது ஒற்றைக் குரல் வாசிப்புக்கு மோனோவில் வினாடிக்கு 64 கிலோபிட் தாராளம். ஒரு மணி நேரம் 28.8 மெகாபைட் ஆகும். மாதிரி வீதத்தை (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளப்பது என்பதை) 44.1 கிலோஹெர்ட்ஸாகவே வையுங்கள். இடத்தை மிச்சப்படுத்த 11 கிலோஹெர்ட்ஸ் வரை இறக்குகிறவர்கள் உண்டு. அது எம்பெக் தரநிலையின் அதிகாரபூர்வமற்ற நீட்டிப்பான 2.5 வகையில் விழும், எல்லாக் கருவிகளும் அதை ஏற்பதில்லை. மூலக் கோப்பை அழிக்காதீர்கள்: குறுக்கியதை மறுபடி குறுக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி சற்றே தேயும்.

எழுத்தாணி: நூலின் பெயரும் அத்தியாயப் பெயர்களும் தமிழில் உள்ளன. பழைய பிளேயரில் கேள்விக்குறிகள், புதியதில் கட்டங்கள், மூன்றாவதில் கொம்பு இடம் மாறித் தெரிகிறது.

விடை: மூன்றும் வெவ்வேறு நோய்கள். எம்பி3 கோப்பின் விவரக்குறிப்பான ஐடி3 டேக்கின் முதல் பதிப்பு, கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் உட்கார்ந்திருக்கும். தலைப்புக்கு அதில் 30 பைட்டுகளே இடம், எழுத்துகளும் இலத்தீன் எழுத்துகளாகவே கருதப்படும். தமிழை அதில் எழுத முயன்ற மென்பொருள், எழுத முடியாத இடங்களில் கேள்விக்குறிகளை இட்டுவிடுகிறது. ஐடி3 2.3 பதிப்பில் யூடிஎஃப்-16 என்ற ஒருங்குறி வடிவில் தமிழ் எழுதலாம், 2.4 பதிப்பில் யூடிஎஃப்-8 வடிவிலும் எழுதலாம். ஆனால் 2.4 பதிப்பைப் படிக்காத பழைய கருவிகள் உண்டு. எனவே முதல் பதிப்பு டேக்கை நீக்கிவிட்டு, 2.3 பதிப்பில் யூடிஎஃப்-16 என்று சேமிப்பதே எங்கும் ஓரளவு செல்லுபடியாகும் வழி.

கட்டங்கள் தெரிவது கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதைக் காட்டுகிறது. கோப்பில் எதை மாற்றினாலும் அது தீராது. கொம்பு இடம் மாறுவதற்குக் காரணம், எழுத்துரு இருந்தும் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நிரல் இல்லாமை. ஒருங்குறியில் "கெ" என்பதன் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது; திரையில் முன்னால் கொண்டுவந்து வைப்பது கருவியின் வேலை. அதைச் செய்யத் தெரியாத கருவி, சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். இந்த இரண்டு கருவிகளுக்கும் இலத்தீன் எழுத்தில் பெயரிட்ட தனிப் படி ஒன்றைச் செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. எனக்கும் அது கசப்பாகத்தான் இருக்கிறது.

வாடிக்கையாளன்: கடையில் பணம் கொடுத்து வாங்கிய ஏஏஎக்ஸ் கோப்பு பிளேயரில் ஓடவில்லை. பூட்டை உடைப்பது எப்படி?

விடை: அது ஆடிபிள் என்ற ஒலிநூல் கடையின் பூட்டிய வடிவம். ஆடிபிள் செயலியிலோ, அந்நிறுவனம் ஒப்புக்கொண்ட கருவியிலோதான் ஒலிக்கும். பூட்டை உடைக்கும் வழிகளை இங்கே பேசுவதில்லை. அடுத்த முறை வாங்கும் முன் பூட்டில்லாத எம்பி3 கிடைக்குமா என்று பாருங்கள். காப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள் போதுமென்றால், 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்தவை எம்பி3 ஆகவே கிடைக்கின்றன.

மறதிக்காரன்: பாதியில் அணைத்துவிட்டுத் திரும்பினால் நூல் தொடக்கத்துக்கே போய்விடுகிறது.

விடை: இசைக்காகச் செய்யப்பட்ட பிளேயர் நின்ற இடத்தைக் குறித்து வைப்பதில்லை, பாட்டுக்கு அது தேவையில்லை. சான்சா கிளிப் போன்ற சில கருவிகள், ஒலிநூலுக்கென்று வைத்திருக்கும் தனிக் கோப்புறையில் போட்டதை மட்டும் நினைவில் கொள்ளும். உங்கள் கருவியில் அத்தகைய கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். கருவி ஏற்குமானால் ராக்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவலாம். அதில் அடையாளக்குறி வைக்கும் வசதி உண்டு.

இன்னொன்று: பிட் வீதம் (வினாடிக்குச் செலவாகும் பிட்டுகளின் அளவு) மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3 கோப்பில் சரியான முகப்பு விவரம் இல்லாவிட்டால், கருவி நேரத்தை ஊகிக்கிறது, அதனால் திரும்பும் இடமும் தவறும். நிலையான பிட் வீதத்தில் மாற்றினால் சரியாகும்.

ஒற்றைக்கோப்பு: ஐயா, வரிசைத் தொல்லை, தட எண் தொல்லை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இருக்கிறது. முழு நூலையும் ஒரே கோப்பாக இணைத்துவிடுங்கள். நான் எல்லாவற்றையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இதை நீங்கள் ஏன் சொல்லவில்லை?

விடை: சொல்லாததற்குக் காரணம் உண்டு. எதைக் கொண்டு இணைத்தீர்கள், எந்தக் கருவியில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மருந்தாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். எம்பி3 கோப்புகளைச் சும்மா ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால், முதல் கோப்பின் முகப்பே முழு நூலுக்கும் முகப்பாகிவிடும். எட்டு மணி நேர நூலைக் கருவி முதல் அத்தியாயத்தின் நீளமாகக் காட்டும். இடையிடையே மற்ற டேக்குகளும் சிக்கியிருக்கும்.

ஒற்றைக்கோப்பு: ஒட்டவில்லை. அத்தியாயக் குறிகளோடு எம்4பி ஆக முறையாகச் செய்கிறேன். கைப்பேசிச் செயலியில் ஒரு குறையும் இல்லை.

அத்தியாயப்பிரியை: கைப்பேசி உங்களுக்கு, பொத்தான் பிளேயர் எங்களுக்கு. அத்தியாயக் குறியை அறியாத பிளேயரில் பன்னிரண்டு மணி நேரக் கோப்பின் நடுப்பகுதிக்குப் போக, பொத்தானை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். தனித்தனி அத்தியாயமாக இருந்தால் நின்ற இடம் மறந்தாலும் இழப்பு ஒரு அத்தியாயம்தான்.

ஒற்றைக்கோப்பு: நாற்பது கோப்புகளை அலங்கோலமாக வைத்துக்கொண்டு வரிசை கலைகிறது என்று புலம்புவதைவிட, நல்ல கருவிக்கு மாறுவது மேல்.

விடை: கருவியை மாற்றச் சொல்வது விடை ஆகாது; இருக்கும் கருவியில் கேட்பதற்குத்தான் இங்கே வந்திருக்கிறார்கள். நான் அத்தியாயப்பிரியையின் பக்கம்தான். எம்பி3 ஒலி சிறு சிறு சட்டங்களாக அமைந்தது, 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு சட்டம் ஏறத்தாழ 26 மில்லிவினாடி. நகலெடுப்பது பாதியில் அறுந்தாலும், அறுந்த இடம் வரை ஒலிக்கும். எம்4பி கோப்பிலோ எந்த ஒலித்துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒரே இடத்தில் இருக்கிறது, பல கோப்புகளில் அது கடைசியில் இருக்கிறது. கம்பியை முன்கூட்டியே பிடுங்கி அந்த அட்டவணையை இழந்தால், 300 மெகாபைட் இருந்தும் ஒரு வினாடிகூட ஒலிக்காது. இதற்காகவே பாதுகாப்பாக வெளியேற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நினைவகம் குறைந்த பிளேயர்கள் நீண்ட நூலின் அட்டவணையை ஏற்றவும் திணறுகின்றன.

கைப்பேசியில் ஒலிநூலுக்கென்று எழுதிய செயலி வைத்திருப்பவர் இணைத்துக்கொள்ளட்டும்; தடையில்லை. மற்றவர்களுக்கு அதைப் பொது மருந்தாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒற்றைக்கோப்பு: அட்டவணையைக் கோப்பின் தொடக்கத்திலேயே எழுதச் செய்யலாமே.

விடை: செய்யலாம், எஃப்எஃப்எம்பெக்கில் அதற்கு வழி இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்தவர் இந்த அமர்வுக்குக் கேள்வியோடு வருவதில்லை.

ஒற்றைக்கோப்பு: நான் இணைப்பதை நிறுத்தப் போவதில்லை.

அத்தியாயப்பிரியை: உங்களை யார் நிறுத்தச் சொன்னார்கள்? எங்களை இணைக்கச் சொல்லாதீர்கள்.

விடை: இருவரும் இத்தோடு விடுங்கள். காத்திருப்பவர்கள் பலர்.

புதியவன்: அத்தியாயங்கள் 1, 10, 11 என்று போகின்றன. என்ன செய்வது?

விடை: இரவுக்காகத்துக்குச் சொன்ன விடையைப் பாருங்கள்.

மேகக்கணினி: ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கணினியில் செருகினால் மின்னேற்றம் மட்டும் நடக்கிறது.

விடை: கைப்பேசியின் அறிவிப்புப் பகுதியில் யூஎஸ்பி என்பதைத் தொட்டு, "கோப்புப் பரிமாற்றம்" என்று மாற்றுங்கள். அந்தத் தெரிவே வராவிட்டால், உங்கள் கம்பி மின்னேற்றத்துக்கு மட்டுமானதாக இருக்கலாம். வேறு கம்பியால் சோதியுங்கள். மேக் கணினியாக இருந்தால், ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையை அது தானாக அறியாது. தனிச் செயலி வேண்டும்.

ஆப்பிள்தோட்டம்: மேக்கிலிருந்து மெமரி கார்டுக்கு மாற்றினேன். ஒவ்வொரு அத்தியாயமும் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஒன்று ஒலிக்கிறது, மற்றது பிழை காட்டுகிறது.

விடை: பிழை காட்டுபவை புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் சிறு கோப்புகள். மேக் தன் கூடுதல் விவரங்களை அவற்றில் எழுதி வைக்கிறது. ஒலி எதுவும் அவற்றில் இல்லை. கார்டிலிருந்து தயங்காமல் நீக்கலாம்.

சேமிப்புக்கிடங்கு: 128 ஜிபி கார்டு போட்டால் பழைய பிளேயர் ஏற்கவில்லை. தரத்துக்காக எல்லாவற்றையும் வேவ் கோப்பாக மாற்றி வைக்கலாமா?

விடை: 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறைமையில் வருகின்றன, பழைய கருவிகள் ஃபேட்32 மட்டுமே அறியும். 32 ஜிபி கார்டிலேயே 64 கிலோபிட் ஒலி ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கொள்ளும், அதைக் கேட்டு முடியுங்கள். வேவ் என்பது குறுக்காத ஒலி, அது வேண்டாம். இழந்த தரம் அதனால் திரும்பாது. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 635 மெகாபைட் பிடிக்கும், ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டவும் முடியாது.

செவிவழி: பார்வைக் குறைபாடு உள்ள என் உறவினருக்கு டெய்சி வடிவ நூல்கள் வந்திருக்கின்றன. எம்பி3 பிளேயரில் கேட்க முடியுமா?

விடை: ஒலியை மட்டும் கேட்கலாம், அதன் பெரும்பயன் போய்விடும். டெய்சி நூலில் எம்பி3 கோப்புகளோடு, அத்தியாயம், பிரிவு, பக்கம் என்று தாவிச் செல்ல உதவும் வழிகாட்டிக் கோப்புகளும் இருக்கும். டெய்சியை அறிந்த பிளேயரோ செயலியோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கோப்புறையை முழுதாக நகலெடுங்கள். உள்ளே ஒரு கோப்பின் பெயரைக்கூட மாற்றாதீர்கள், ஏனென்றால் அவை ஒன்றையொன்று பெயரால்தான் சுட்டுகின்றன. மேலே நான் சொன்ன 01, 02 பெயர்மாற்றம் இந்த நூல்களுக்குப் பொருந்தாது.

இசைப்பித்தன்: நல்ல இயர்போன் எது?

விடை: இது என் துறை அன்று.

புதியவன்: நீங்கள் சொன்னபடி 01, 02 என்று பெயர் மாற்றிவிட்டேன். இன்னும் கலைந்தே வருகிறது.

விடை: தட எண்களைப் பார்த்தீர்களா? அவையும் சரியாக இருந்தால், அதே விடையின் மூன்றாம் பத்தியில் சொன்ன வகைக் கருவிதான் உங்களுடையது. கோப்புறையை அழித்துவிட்டு 01 தொடங்கி ஒவ்வொன்றாக நகலெடுங்கள். முடிந்ததும் பாதுகாப்பாக வெளியேற்றிவிட்டுக் கம்பியை எடுங்கள்.