மெட்டலர்ஜி சீட் வருகிறது, எடுக்கலாமா?

ஐயா, நீங்கள் அனுப்பிய கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் பார்த்தேன். நீங்கள் நினைக்கும் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பது கஷ்டம். சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல், கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. "இரும்பைப் படித்துவிட்டுப் பெண்பிள்ளை எங்கே போய் வேலை பார்ப்பாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் பாப்பா நான்கு வருடம் எதைப் படிக்கப் போகிறாள் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

இரும்பில் கார்பன் எவ்வளவு என்பதில்தான் கதை தொடங்குகிறது. சுமார் 2 சதவீதம் வரை இருந்தால் எஃகு, அதற்கு மேலே போனால் வார்ப்பிரும்பு. கேட்டுக்கும் ஷெட் ஆங்கிளுக்கும் போகும் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியில் 0.2 சதவீதம் அளவுக்குத்தான் கார்பன்; வளையும், வெல்டிங்குக்கு ஒத்துழைக்கும். ஷாஃப்ட் கடையும் இ.என்.8 என்ற எஃகு ரகத்தில் 0.4. பேரிங்குக்குப் போகும் இ.என்.31-ல் கார்பன் 1 சதவீதம், கூடவே ஒன்றரை சதவீதம் குரோமியம். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்தால் 304 என்ற எவர்சில்வர். அதில் கொஞ்சம் மாலிப்டினம் சேர்த்தால் 316, உப்புத் தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும். அதன் உறவுக்கார ரகம் ஒன்றில்தான் கல்பாக்கம் வேக ஈனுலை என்ற அணு உலையின் பிரதான கலன் செய்யப்பட்டிருக்கிறது. டி.எம்.டி. கம்பி விளம்பரத்தில் 500, 550 என்று முழங்குகிறார்களே, அது அந்தக் கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம், மெகாபாஸ்கல் கணக்கில். விளம்பரத்தில் வரும் நடிகருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் மகளுக்கு முதல் வருடத்திலேயே தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் வேலை அதிகம் இருப்பது வார்ப்பிரும்பில். கோயம்புத்தூர் ஃபவுண்ட்ரிகளில், அதாவது இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறைகளில், பம்ப் பாடி, மோட்டார் பாடி என்று ஊற்றுவதில் பெரும்பகுதி கிரே அயர்ன். அதற்குள் கார்பன், மெல்லிய செதில்களாக கிராஃபைட் உருவில் படிந்திருக்கும். அந்தச் செதில்கள் அதிர்வை விழுங்கிவிடும். அதனால்தான் லேத் பெட்டும் இன்ஜின் பிளாக்கும் அதில் வார்க்கப்படுகின்றன. அழுத்தினால் நன்றாகத் தாங்கும். ஆனால் இழுவையிலோ அடியிலோ செதிலின் நுனியிலிருந்து விரிசல் கிளம்பி உடைந்துவிடும்.

1940-களில் இதற்கு ஒரு வழி கிடைத்தது. உருகிய இரும்பில் கொஞ்சம் மக்னீசியம் சேர்க்க வேண்டும்; வார்ப்பில் கடைசியாகத் தங்க வேண்டியது 0.04 சதவீதம் அளவுதான். செதிலாகப் படிய வேண்டிய கிராஃபைட் உருண்டையாகிவிடும். இதுதான் எஸ்.ஜி. அயர்ன், அதாவது உருண்டை கிராஃபைட் இரும்பு. கிராங்க்ஷாஃப்ட், டிராக்டர் ஹப், குடிநீர்க் குழாய், மேன்ஹோல் மூடி எல்லாம் இதில் வருகின்றன. எஸ்.ஜி. 500/7 என்றால் 500 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கும், உடைவதற்கு முன் 7 சதவீதம் நீளும் என்று பொருள். கேம்பஸ் இன்டர்வியூவில் இதை ஒரு வரியில் சொல்லத் தெரியாமல் முழிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், மக்னீசியம் உருகிய இரும்பில் நெடுநேரம் நிற்காது. ஊற்றுவதற்குச் சில நிமிடம் தாமதமானாலும் உருண்டைகள் கெட ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் நல்ல காஸ்டிங், உள்ளே வேறு சரக்கு. ஃபவுண்ட்ரியில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள்: நல்ல எஸ்.ஜி. கணீரென்று ஒலிக்கும், கிரே அயர்ன் 'டொக்' என்று அடங்கிவிடும். ஆனால் வாங்கும் வண்டிக் கம்பெனி காதை நம்பாது. ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்து, மைக்ராஸ்கோப்பில் 100 மடங்கு பெரிதாக்கி, எத்தனை சதவீதம் சரியான உருண்டை என்று ரிப்போர்ட் கேட்கும். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர் மெட்டலர்ஜிஸ்ட். அவர் சரியில்லை என்று சொன்னால் அந்த ஹீட்டில், அதாவது அந்த ஒரு தடவை உருக்கியதில், ஊற்றியதெல்லாம் மறுபடி உருக்கத்தான் போகும். பாப்பாவுக்குக் காத்திருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி வேலை. மண்வெட்டி பிடித்து மோல்டிங் அடிக்கச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. லேபில் உட்கார்ந்தாலும் ஷாப் ஃப்ளோருக்குப் போகாமல் முடியாது. சூடும் தூசியும் இருக்கும், ஷிஃப்ட்டும் இருக்கலாம். முதல் சம்பளம் சாஃப்ட்வேர் போகும் தோழியின் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கும். இதைக் கேட்டு பாப்பா முகம் சுளித்தால் வற்புறுத்தாதீர்கள்.

இந்தப் படிப்புக்கு ஃபவுண்ட்ரி மட்டுமே கதி என்றும் இல்லை. ஹீட் ட்ரீட்மென்ட், வெல்டிங், உடைந்த பாகம் ஏன் உடைந்தது என்று ஆராயும் பிரிவு எல்லாவற்றிலும் ஆள் வேண்டும். திருச்சி பெல் மாதிரி பாய்லர் செய்யும் இடங்களில் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த குரோம்-மாலி எஃகுக் குழாய்களின் வெல்டிங் தெரிந்தவர்களுக்குத் தனி மதிப்பு. எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் மெட்டலர்ஜிக்குத் தனித் தாளே இருக்கிறது. நல்ல மதிப்பெண் எடுத்தால் ஐ.ஐ.டி.யில் எம்.டெக்., அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி என்று வழிகள் திறக்கும். அப்புறம், பாகத்தை உடைக்காமலே சோதிக்கும் என்.டி.டி. படிப்புக்கு, 'ஒரு வாரத்தில் லெவல் 2, உடனே வெளிநாட்டு வேலை' என்று யாராவது வந்தால் பணம் கட்டிவிடாதீர்கள். முறைப்படி அந்தச் சான்றிதழுக்கு வேலை அனுபவமும் காட்ட வேண்டும். படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த பிறகு கம்பெனி செலவிலேயே அதை எடுக்கலாம்.

கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கல்லூரிக்குப் போய்வாருங்கள். உலோகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மெட்டலோகிராஃபி லேபைக் காட்டச் சொல்லுங்கள். மைக்ராஸ்கோப்புகள் உறை போட்டு மூடிக் கிடக்கின்றனவா, மாணவர்கள் கை படுகிறதா என்று பாருங்கள். இறுதியாண்டு மாணவிகள் இரண்டு பேரிடம் இன்டர்ன்ஷிப் எங்கே போனார்கள் என்று பாப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சற்றுத் தள்ளி நின்றால் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். திருப்தியாக இருந்தால் சேலத்தை முதலில் வையுங்கள். கோவை பி.எஸ்.ஜி. டெக்கிலும் இதே படிப்பு உண்டு. கட்-ஆஃப் எட்டாது போலத் தெரிந்தாலும் அதையும் சேர்த்துப் போடுங்கள், பட்டியலில் வைப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.