கதவு தட்டினால் கை நடுங்குகிறது

கேள்வி: ரங்கூனில் இருக்கிறோம். எங்கள் தெருவில் குண்டு எதுவும் விழவில்லை. ஆனாலும் ராத்திரியில் யாராவது கதவைத் தட்டினால் கை நடுங்குகிறது. 19 வயது மகனைப் பார்த்தாலே அழுகை வருகிறது. அவனிடமே எரிந்து விழுகிறேன். மாமியார் மந்திரித்துவிடச் சொல்கிறார். எனக்கு என்ன ஆயிற்று?

பதில்: அம்மா, குண்டு விழவில்லை என்பதை மன்னிப்புக் கேட்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். நேரில் அடிபட்டவர்கள் மட்டும்தான் கலங்க வேண்டுமா என்ன?

2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு உங்கள் வீட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ராத்திரி யார் தங்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வரும் ஆட்கள். கரண்ட் வரும் நேரம் பார்த்து உலை வைக்கும் பிழைப்பு. ஏறிக்கொண்டே போகும் அரிசி விலை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 18 முதல் 35 வயது வரை உள்ள ஆண்கள் அதில் வருகிறார்கள். உங்கள் மகனுக்கு 19. இதில் எது சின்ன விஷயம்?

போர் நடக்கும் இடங்களில் மனநலத்தை ஆராய்ந்தவர்கள், கண்ணால் கண்ட சாவைப் போலவே இந்த அன்றாட அரிப்பும் மனதைக் கரைக்கிறது என்கிறார்கள். அப்படிப்பட்ட பகுதிகளில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு ஏதாவது மனநலப் பாதிப்பு இருப்பதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. உங்கள் மாடிப்படியில் எத்தனை வீடு இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? சட்டம் உங்கள் கையில் இல்லை. படுக்கப் போகும் நேரத்தில் போனில் செய்தி தேடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது, அதை நிறுத்துங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட நிதானமாக விடுங்கள். ஐந்து நிமிஷம் செய்தால் படபடப்பு கொஞ்சம் இறங்கும்.

மகனிடம் காட்டுவது கோபமில்லை, பயம். அதை அப்படியே அவனிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், வீட்டுக்குப் பாரமே தான்தான் என்று நினைத்துக்கொள்வான்.

கோயிலுக்கும் போய் வாருங்கள், தடுக்க மாட்டேன். ஆண்பிள்ளை பெற்ற இன்னும் நாலு அம்மாக்கள் அங்கே வருவார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள். விபூதியைவிட அது நன்றாகவே வேலை செய்யும் (இந்த வரியை மாமியாரிடம் காட்ட வேண்டாம்).

தூக்க மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். பழகிவிட்டால் விடுவது கஷ்டம். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் டாக்டரிடம் போங்கள். செத்துவிடலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் அன்றைக்கே போக வேண்டும். முதலில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே போதும். தலைவலி, நெஞ்சுப் படபடப்பு என்று சுற்றி வளைக்காமல், “பயமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை” என்று ஆரம்பியுங்கள்.