மகனின் கட்டிக்கு இரண்டு கல்ச்சர் அறிக்கைகள்: எதை நம்புவது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய 16 வயது மகனுக்குத் தொடையில் சீழ்க்கட்டி வந்தது. உள்ளூர்ப் பரிசோதனைக் கூடத்தில் சீழை எடுத்துக் கல்ச்சர் செய்தபோது, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தபோது, ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. அதற்கு எரித்ரோமைசின் கேட்காது, கிளிண்டாமைசின் கேட்கும் என்று அறிக்கை வந்தது. கிளிண்டாமைசின் கொடுக்கத் தொடங்கி ஐந்து நாளாகியும் கட்டி அடங்காததால் பையனை வேலூருக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அங்கே மறுபடி எடுத்த கல்ச்சரில் அதே பாக்டீரியாதான் வளர்ந்தது. ஆனால் கிளிண்டாமைசினுக்கு நேரே 'ஆர்' (ரெசிஸ்டன்ட், அதாவது மருந்து கேட்காது) என்றும், 'டி டெஸ்ட் பாசிட்டிவ்' என்றும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பரிசோதனை தவறா, ஐந்து நாளில் கிருமி மாறிவிட்டதா, போன மாதம் சளிக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்த அசித்ரோமைசின் இதற்குக் காரணமா என்று மூன்று கேள்விகளைக் கேட்கிறார்.

அம்மா, இரண்டாவது அறிக்கையின்படி நடந்துகொள்ளுங்கள். முதல் அறிக்கையில் எழுதியிருப்பது கிருமியை வளர்த்த தட்டில் உண்மையாகவே தெரிந்திருக்கும். ஆனால் இந்தக் கிருமியிடம் அதைவிட ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்க வேண்டும்.

எரித்ரோமைசினும் கிளிண்டாமைசினும் வேதியியல் அமைப்பில் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், பாக்டீரியாவுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் ஏறக்குறைய ஒன்றே. கிருமி தனக்கு வேண்டிய புரதங்களைக் கோத்தெடுக்கும் ரைபோசோம்தான் அந்த இடம். 'எர்ம்' என்ற மரபணுவை வைத்திருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஒரு நொதியைத் தயாரிக்க வல்லது. அந்த நொதி, ரைபோசோமின் ஆர்.என்.ஏ.யில் 2058 என்று எண்ணிடப்பட்ட ஒரே ஓர் அடினைன் எழுத்தில் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதியைச் சேர்த்துவிடுகிறது. இவ்வளவு சிறிய மாற்றத்திலேயே இரண்டு மருந்துகளுக்கும் அங்கே பிடிமானம் இல்லாமல் போகிறது.

ஆனால் அந்த நொதியை எந்நேரமும் தயாரித்துக்கொண்டிருப்பது கிருமிக்குக் கட்டுப்படியாகாது. மெத்தில் ஏறிய ரைபோசோம் சில புரதங்களை முன்போல் செம்மையாகக் கோப்பதில்லை. ஆகவே மரபணுவைக் கையில் வைத்துக்கொண்டே, மருந்து எதிரே வரும்வரை அதைப் பேசவிடாமல் அடக்கி வைத்திருக்கும் ஏற்பாடு இந்தப் பாக்டீரியாக்களில் உருவாகியிருக்கிறது. தேவைக்கேற்ப மரபணுக்கள் இயங்குவதும் அடங்குவதும் எப்படி என்பதை ஜாக்கோப், மோனோ என்ற பிரெஞ்சு அறிவியலாளர்கள் 1961-இல், குடல் பாக்டீரியா ஒன்று பால் சர்க்கரையைப் பயன்படுத்தும் முறையைக் கொண்டு விளக்கினார்கள். அங்கே ஒரு தடைப் புரதம் மரபணுவின் மீதே அமர்ந்து, அதைப் படியெடுக்கவிடாமல் தடுக்கிறது. எர்ம் மரபணுவில் பூட்டு வேறிடத்தில் இருக்கிறது.

எர்ம்-சி என்ற வகையில் இது நன்றாக ஆராயப்பட்டுள்ளது. நொதிக்கான தூது ஆர்.என்.ஏ., அதாவது மரபணுவிலிருந்து எடுத்த, ரைபோசோம் படிக்க வேண்டிய படி, கிருமிக்குள் முன்னதாகவே தயாராக இருக்கும். ஆனால் ரைபோசோம் வந்து படிக்கத் தொடங்க வேண்டிய இடம், ஏலகிரி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவைப் போல மடிந்து, மடிப்புக்குள் மறைந்திருக்கும். அதற்கு முன்னால், 19 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சின்னஞ்சிறு புரதத்துக்கான பகுதி இருக்கிறது. மருந்து இல்லாதபோது ரைபோசோம் அந்தச் சிறு பகுதியைத் தடையின்றிப் படித்து முடித்துவிட்டு விலகிவிடும், மடிப்பு குலையாது. எரித்ரோமைசின் சிறிதளவு உள்ளே வந்ததும், அதைச் சுமந்த ரைபோசோம் ஒன்று அந்தப் பகுதியின் நடுவிலேயே நகர முடியாமல் நின்றுவிடுகிறது. அது நிற்கும் இடம் காரணமாக ஆர்.என்.ஏ. வேறு விதமாக மடிய வேண்டியதாகி, மறைந்திருந்த தொடக்கம் வெளிப்படுகிறது. மருந்து இன்னும் பிடிக்காத மற்றொரு ரைபோசோம் அங்கே வந்து அமர்ந்து நொதியைத் தயாரிக்கிறது. பல ஆண்டுகளாகக் கற்பித்து வந்தும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை: கிருமியை நிறுத்த வந்த மருந்தே கிருமியின் பூட்டைத் திறக்கிறது.

கிளிண்டாமைசினால் இந்தப் பூட்டைத் திறக்க முடியாது. தங்கள் மகனின் அறிக்கைகள் முரண்பட்டதற்குக் காரணம் இதுதான். அந்த மருந்தை மட்டும் தனியே வைத்துச் சோதித்தால் மரபணு உறங்கிக்கொண்டே இருக்கும், கிருமி மடியும், அறிக்கையில் 'எஸ்' (சென்சிட்டிவ், அதாவது மருந்து கேட்கும்) என்று வரும். இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கவே டி டெஸ்ட் இருக்கிறது. வைக்கோல் நிற அகர்த் தட்டின் மீது கிருமியைச் சீராகப் பூசி, மருந்து ஊறிய சிறு காகித வட்டுகளான 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் வட்டையும் 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் வட்டையும் 15 முதல் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் அருகருகே வைத்து, இன்குபேட்டரில் 35 டிகிரியில் ஓர் இரவு விடுவோம். காலையில் தட்டை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால், கிளிண்டாமைசின் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் தெரியும். எரித்ரோமைசினைப் பார்த்த பக்கத்தில் மட்டும் அந்த வளையம் வட்டமாக இராமல், ஆங்கில 'டி' எழுத்தின் முதுகைப் போல் தட்டையாக வெட்டுண்டிருக்கும். எரித்ரோமைசின் பரவி வந்து எழுப்பிவிட்ட கிருமிகள் அந்தப் பக்கத்தில் கிளிண்டாமைசினைப் பொருட்படுத்தாமல் வளர்ந்திருக்கின்றன. இரண்டு வட்டுகளையும் தட்டின் எதிரெதிர் ஓரங்களில் வைத்திருந்தால் அதே கிருமிக்கு அதே நாளில் அழகான முழு வட்டம் கிடைத்திருக்கும். தங்கள் மகனின் முதல் பரிசோதனையில் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

கிளிண்டாமைசின் பூட்டைத் திறக்காது என்றால் உடலுக்குள் அது வேலை செய்ய வேண்டாமா என்று கேட்கலாம். சிலருக்குச் செய்கிறது, பலருக்குச் சீழை வெளியேற்றியதாலேயே குணம் தெரிகிறது. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு கட்டிக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும்போது, அவற்றுள் ஒன்றிரண்டில் அந்த மடிப்புப் பகுதியிலேயே எழுத்துப் பிழை விழுந்து, பூட்டு நிரந்தரமாகத் திறந்துகிடக்கும். கிளிண்டாமைசின் மற்றவற்றை அழிக்க அழிக்க, அந்த ஒன்றிரண்டு பெருகி இடத்தை நிரப்பிக்கொள்ளும். டி டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் கிளிண்டாமைசின் கேட்காது என்றே அறிக்கை தர வேண்டும் என்ற நடைமுறை இதனால் வந்தது. எரித்ரோமைசின் கேட்காத எல்லா ஸ்டாஃபைலோகாக்கஸும் இப்படிப்பட்டவை என்றும் எண்ணிவிடக் கூடாது. சிலவற்றில் எர்ம் மரபணு இராது. எரித்ரோமைசினை ரைபோசோமிடம் நெருங்கவிடாத வேறொரு புரதம் மட்டும் இருக்கும். அவற்றுக்கு டி டெஸ்ட் நெகட்டிவ் வரும், கிளிண்டாமைசினைத் தயங்காமல் தரலாம்.

இனி அசித்ரோமைசின். எர்ம் மரபணுவை அது உண்டாக்கவில்லை. அந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிடுகள் எனும் சிறு டி.என்.ஏ. வளையங்களிலும் இடம் தாவும் மரபணுத் துண்டுகளிலும் ஏறி, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குப் போய்க்கொண்டிருப்பது. ஆனால் அசித்ரோமைசின் எரித்ரோமைசினின் நெருங்கிய உறவு, அதே பூட்டைத் திறக்கும். மகனின் மூக்கிலும் தோலிலும் இருந்த பாக்டீரியாக்களுள் இந்த மரபணு இல்லாதவை அந்த நாட்களில் குறைந்து, உள்ளவை பிழைத்திருக்கக்கூடும். மருந்தை நிறுத்திய பிறகு மெத்தில் ஏறாத புதிய ரைபோசோம்கள் பெருகி, பூட்டு மறுபடி விழுந்துவிடும். ஆனால் பிழைத்த கிருமி அங்கேயே இருக்கும். பெரும்பாலான சளி வைரஸால் வருவது, அதற்கு அசித்ரோமைசின் எந்த வகையிலும் உதவாது என்பதால் இந்த இழப்பு எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது. தங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சீட்டில்லாமல் அதை எடுத்து நீட்டும் பழக்கம் நம் ஊர்களில் நிற்க வேண்டும்.

இதே தன்மை வேறு கிருமிகளிலும் உண்டு. சிறுநீர் அல்லது இரத்தக் கல்ச்சரில் என்டரோபாக்டர் வளர்ந்தால், செஃப்ட்ரியாக்சோன் கேட்கும் என்று அறிக்கை சொன்னாலும் மருத்துவர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். செஃப்ட்ரியாக்சோனை உடைக்கும் நொதியின் மரபணு அதில் அடங்கிக் கிடக்கிறது. இரத்தத்தில் என்டரோபாக்டர் கண்ட நோயாளிகளைப் பற்றி 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த வகை மருந்தைப் பெற்ற 31 பேரில் 6 பேருக்குச் சிகிச்சையின் நடுவிலேயே மருந்து கேட்காமல் போனது.

தாங்கள் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். இரண்டு அறிக்கைகளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். கிளிண்டாமைசினைத் தாங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம், ஆனால் போவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கட்டியைக் கீறிச் சீழ் முழுவதும் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள், ஏனெனில் இத்தகைய கட்டிக்கு முதல் சிகிச்சை அதுவே. மாற்று மருந்து தேவையா என்பதையும், கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின் போன்றவற்றுள் எது பொருந்தும் என்பதையும் அறிக்கையின் மற்ற வரிகளையும் பையனின் நிலையையும் பார்த்து அவரே முடிவு செய்வார். காய்ச்சலோ குளிரோ வந்தாலும், சிவப்பு விரிந்துகொண்டே போனாலும், வலி தாங்க முடியாமல் மிகுந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.

இனி எந்தக் கல்ச்சர் அறிக்கையிலும் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்று போட்டு, எரித்ரோமைசினுக்கு 'ஆர்' என்றும் கிளிண்டாமைசினுக்கு 'எஸ்' என்றும் இருந்தால், டி டெஸ்ட் செய்தீர்களா என்று பரிசோதனைக் கூடத்தில் கேளுங்கள். செய்யவில்லை என்றால், வளர்த்த கிருமி அவர்களிடம் இன்னும் இருக்கும்போதே மறுநாளுக்குள் செய்து தரலாம்; புதிதாகச் சீழ் எடுக்க வேண்டியதில்லை. வேலூரில் கொடுத்த அறிக்கையை மகனின் கோப்பில் பத்திரப்படுத்தி வையுங்கள். இந்தக் கட்டிகள் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. அப்போது முதலில் பார்க்கும் மருத்துவரிடம் அந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள்.