பேரலில் இறங்கினால் பொருந்திவிட்டதா?

கேள்வி: பேண்டு மாஸ்டராக இருந்த என் மாமாவின் பூசி அண்ட் ஹாக்ஸ் 1010 கிளாரினெட் இப்போது என்னிடம் இருக்கிறது. பழைய மவுத்பீஸ் உடைந்துபோனதால் புதிதாக வான்டோரன் பி45 வாங்கிப் போட்டேன். கீழ்ஸ்தாயி பரவாயில்லை. மேலே போனால் ட்யூனர் முள் எங்கெங்கோ நிற்கிறது. போலி மவுத்பீஸைத் தலையில் கட்டிவிட்டார்களா? – திருச்சி வாசகர்

பதில்: மவுத்பீஸ் நல்லதுதான், ஜோடிதான் தப்பு. மாமாவின் 1010 சாதாரண கிளாரினெட் இல்லை. 1930களில் லண்டனில் வந்து 1980களில் நின்றுபோன மாடல். ஜாக் பிரைமர், ஜெர்வாஸ் டி பேயர் போன்ற பிரிட்டிஷ் கிளாரினெட் கலைஞர்கள் வாசித்தது. இன்று கடையில் கிடைக்கும் பிரெஞ்சு வகைக் கிளாரினெட்டின் உள்துளை 14.6 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 1010க்கு 15.2. அரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள்.

சாதாரண மவுத்பீஸின் உள்துளை அடியில் அகலமாகத் தொடங்கி மேலே போகப்போகக் குறுகும். 1010க்கு வேண்டியது கடைசிவரை ஒரே அகலமுள்ள நேர்த்துளை. கிளாரினெட்டில் கட்டைவிரல் சாவியை அழுத்தினால் அதே விரலில் மேல் சட்ஜமம் வராது, அதையும் தாண்டிய பஞ்சமம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். 1010இன் மேல்முனையில் துளை குறுகினால் கீழ்ச் சுரத்துக்கும் அந்தப் பஞ்சமத்துக்கும் உள்ள இடைவெளி கெட்டுவிடும். எல்லா சுரமும் ஒரே அளவில் விலகினால் பேரலை, அதாவது மவுத்பீஸ் சொருகும் குட்டிக் குழலை, இழுத்துச் சரிசெய்துவிடலாம். இங்கே ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விலகும். அதனால்தான் முள் எங்கெங்கோ நிற்கிறது.

எனக்கு எரிச்சலூட்டுவது ஒரே ஒரு வார்த்தை: ‘பொருந்தும்’. கடைக்காரர் மவுத்பீஸை பேரலில் சொருகிக் காட்டி, “பாருங்க சார், கச்சிதமா பொருந்துது” என்பார். அங்கே பொருந்தியது வெளியே சுற்றியிருக்கும் கார்க். கார்க்குக்கும் உள்துளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கார்க்கைக் கொஞ்சம் தேய்த்தால் எந்த மவுத்பீஸும் எந்த பேரலிலும் இறங்கிவிடும். நாயனக்காரர் யாரும் சீவாளி அதைச் செருகும் கெண்டையில் ஏறிவிட்டது என்பதற்காகக் காசு கொடுப்பதில்லை, ஊதிப் பார்த்துத்தான் வாங்குகிறார். கிளாரினெட் வாங்கும்போது மட்டும் ஏன் நமக்கு இந்த அவசரம்?

வெர்னியர் காலிப்பரை நம்பி ஏமாறாதீர்கள். அதன் மூக்கு துளையின் வாயை மட்டும்தான் அளக்கும். சரியாக 15 மி.மீ. தடிமனில், நன்றாக இழைத்த மரக்குச்சி ஒன்று கையோடு எடுத்துப் போங்கள். அதை மவுத்பீஸின் அடிப்பக்கத் துளை வழியாக மெதுவாக உள்ளே விடுங்கள். நேர்த்துளையென்றால் உள்ளறை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும். குறுகும் துளையென்றால் வழியிலேயே நின்றுவிடும். பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. இங்கிலாந்தில் 1010க்கென்றே மவுத்பீஸ் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். செலவு அதிகம்தான், ஆனால் மாமாவின் கிளாரினெட்டுக்குச் செய்யலாம். பி45ஐ விற்றுவிடுங்கள்.

கேள்வி: பெரிய துளைக் கிளாரினெட்டுக்கென்று தனி ரீடு உண்டா? – மதுரை வாசகர்

பதில்: கிடையாது. ரீடு என்பது மவுத்பீஸில் கட்டி ஊதும் நாணல் பட்டை. அதற்கு மவுத்பீஸோடுதான் கணக்கு, கீழே இருக்கும் குழலோடு இல்லை.

கேள்வி: அப்படியானால் எத்தனை நம்பர் ரீடு வாங்குவது? இரண்டரையா, மூன்றா? – கோவை வாசகர்

பதில்: மவுத்பீஸின் நுனியில் எவ்வளவு வாய் திறந்திருக்கிறது என்று பாருங்கள். வான்டோரன் 5ஆர்வி மாடலில் 1.065 மி.மீ., பி45இல் 1.195. திறப்பு கூடினால் மெல்லிய ரீடு, குறைந்தால் கெட்டி ரீடு. நம்பர் கூடக்கூட ரீடு கெட்டி. இந்த இரண்டில் முதலாவதற்கு மூன்றோ மூன்றரையோ, இரண்டாவதற்கு இரண்டரையோ மூன்றோ என்று தொடங்கலாம். ஒரு கம்பெனியின் 3 இன்னொரு கம்பெனியின் 3 ஆகாது. அதனால் முதலில் சில்லறையாக இரண்டு மூன்று வாங்கிப் பாருங்கள். தள்ளுபடி என்று நான் ஒரே மூச்சில் ஐந்து பெட்டி நாலாம் நம்பர் வாங்கினேன். பெட்டிக்குப் பத்து. வாசித்தால் காற்று வந்தது, நாதம் வரவில்லை. நாலரைப் பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?

கேள்வி: ஆன்லைனில் பழைய ராணுவ பேண்டு கிளாரினெட் ஒன்றை, போட்டோவைப் பார்த்தே வாங்கினேன். கீபோர்டோடு சேரவே இல்லை. எந்த மவுத்பீஸ் போட்டால் சரியாகும்? – வேலூர் வாசகர்

பதில்: எதைப் போட்டாலும் ஆகாது. குழலில் எச்.பி. (ஹை பிட்ச், உயர்ந்த சுருதி) என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920களின் கடைசி வரை உயர்ந்த சுருதியில் வாசித்தன, ‘ஏ’ சுரம் 452 ஹெர்ட்ஸை ஒட்டி. இன்று 440. இடைவெளி கிட்டத்தட்ட கால் சுரம். பேரலை இழுத்து அதைக் கழிக்கப் பார்த்தால் மேல் துளைகளின் சுரங்கள் ஒரு பக்கமும் கீழ்த் துளைகளின் சுரங்கள் இன்னொரு பக்கமும் போகும். முத்திரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தால் விஷயம் அன்றே தெரிந்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. கண்ணாடி அலமாரியில் வைத்தால் அழகாக இருக்கும்.

கேள்வி: “1010க்கென்றே செய்தது” என்று பில்லிலேயே எழுதி எனக்கு ஒரு மவுத்பீஸ் விற்றார்கள். பிரித்தால் சாதாரண மாணவர் மாடல். போய்க் கேட்டால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். – நாகர்கோவில் வாசகர்

பதில்: பலகையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பொய் சொல்லி விற்றது தனிக் குற்றச்சாட்டு. உங்கள் கையில் எழுத்தில் இருக்கிறது, அதுவே பெரிய பலம். முதலில் ஒரு கடிதம் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பில்லை எங்கும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும். இதே பொருளை, வியாபாரமாக இல்லாமல் தன் பழைய சாமானை விற்கும் தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது.

கேள்வி: சாதாரண மவுத்பீஸை லேத்தில் கொடுத்து 15.2க்குக் குடைந்துவிட்டால் என்ன? – சேலம் வாசகர்

பதில்: கைதேர்ந்த மவுத்பீஸ் வேலைக்காரர் செய்தால் சரி. நான் தெருமுனைப் பட்டறையில் கொடுத்தேன். எபோனைட் சூடானதும் கடையெங்கும் கந்தக வாடை. டிரில் உள்ளறைச் சுவரையும் சேர்த்து வழித்துக்கொண்டு வந்துவிட்டது. பட்டறைக்காரர் மேல் தப்பில்லை, கேட்டதைத்தான் செய்தார். இப்போது பேரன் அதைப் பீப்பி என்று ஊதுகிறான்.