கடைக்கு ஆள் கெடைக்கலையா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் கடைகளுக்கு சம்பள கணக்கு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வேலையெல்லாம் பாத்து குடுக்குறவன் நான். நேத்து கேக்க சொன்னேன், கேள்வி குவிஞ்சிருச்சி.

கேள்வி: அண்ணே, துணிக்கடைக்கு "ஆள் தேவை, கவர்ச்சிகரமான சம்பளம்"னு நோட்டீஸ் ஒட்டி ரெண்டு மாசம். ஒரு புள்ளையும் வரல.

பதில்: நோட்டீஸ்ல "கவர்ச்சிகரமான சம்பளம்"னு போட்டிருக்கீங்க, எவ்ளோன்னு போடல. எல்லாரும் அதத்தான் போடுறாங்க, யாரு நம்புவா? தொகைய எழுதுங்க, சம்பள தேதிய எழுதுங்க, முக்கியமா வேலை முடியிற நேரத்த எழுதுங்க. மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கத்து புள்ளைங்களுக்கு கடைசி பஸ்தான் கணக்கு, நீங்க எட்டு மணிக்கு சட்டர் இறக்குனா அந்த புள்ள சம்பளம் த்ரீவீலுக்கு குடுத்தே முடிஞ்சிரும், வீட்டுலயும் விட மாட்டாங்க. தூரத்து ஆள நேரத்தோட அனுப்பிட்டு டவுன்ல இருக்கவங்கள வெச்சி கடைய மூடுங்க. கடை சட்டப்படி நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, அதுக்கு மேல போனா ஒன்றரை மடங்கு ஓவர்டைம்.

கேள்வி: ஆகக் குறைஞ்ச சம்பளம் எவ்ளோ?

பதில்: 2026 ஜனவரியிலருந்து மாசம் 30,000 ரூபா. அது அடிமட்டம், அத குடுத்துட்டு "நல்ல சம்பளம்"னு போடாதீங்க.

கேள்வி: பேக்கரியில நாலு பேர்தான். ஈபிஎஃப் கட்டணுமா?

பதில்: ஒருத்தர் இருந்தாலும் கட்டணும். அவங்க பங்கு 8 வீதம், உங்களது 12, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3ம் நீங்கதான். இத செலவா பாக்காதீங்க. தோட்டத்துல வேலை செஞ்ச அம்மா அப்பாவுக்கு ஈபிஎஃப் அருமை நல்லா தெரியும், அந்த காசுலதான் கல்யாணம் கட்டி வெச்சாங்க, வீடு திருத்துனாங்க. புள்ளைய அனுப்ப முன்ன அவங்க கேக்குற மொத கேள்வியே அதுதான்.

கேள்வி: பயிற்சி காலத்துக்கு ஈபிஎஃப் வேணாம்தானே?

பதில்: மொத நாள்லருந்தே வேணும்.

கேள்வி: நுவரெலியாவுல கெஸ்ட் ஹவுஸ். பசங்க எல்லாம் கொழும்புக்கு ஓடுறாங்க, அந்த சம்பளம் நமக்கு கட்டாது.

பதில்: அங்க ரூம் வாடகை, சாப்பாடு, ஊருக்கு வர்ற பஸ் காசு கழிச்சா பெருசா மிஞ்சாது. தங்க எடமும் மூணு வேளை சாப்பாடும் குடுக்குறீங்கன்னா அதையும் கணக்கு போட்டு சொல்லுங்க.

இங்க கொழும்புல வெள்ளவத்தை கடையில நிக்கிற தம்பி ஒருத்தர் பாஞ்சிட்டாரு: "காசுக்கு மட்டும் போகல அண்ணே. ஊர்ல முதலாளி டேய்ங்குறாரு, வேலை முடிஞ்சும் அவரு வீட்டுக்கு காஸ் சிலிண்டர் தூக்க சொல்றாரு."

கெஸ்ட் ஹவுஸ்காரர்: "அது பாசத்துல சொல்றது தம்பி."

"அப்ப பாசத்தோட உங்க மகன்கிட்ட சிலிண்டர தூக்க சொல்லுங்க."

இது இருவது முப்பது பதிலுக்கு ஓடுச்சி. நான் தம்பி பக்கம். கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு இன்னொன்னும் சொல்றேன், ஏப்ரல் சீசன்ல ராப்பகலா வேலை வாங்கிட்டு மே மாசம் "ஆள் கூடிப்போச்சி"ன்னு நிப்பாட்டுனா அடுத்த ஏப்ரல்ல யாரு வருவா? சீசன் முடிஞ்சா என்ன வேலை, என்ன சம்பளம்னு நியமன கடிதத்துலயே எழுதி குடுங்க.

கேள்வி: ஓடாம இருக்க ஐடென்டிட்டி கார்ட வாங்கி வெச்சிக்கலாமா?

பதில்: கூடாது. சர்டிபிகேட்டும் கூடாது. அப்பிடி வெச்ச கடைன்னு பேர் வந்தா அந்த தோட்டத்து டிவிசன்லருந்தே ஆள் வராது.

கேள்வி: ரெண்டு பேர்தான் வேலை செய்றாங்க, ஈபிஎஃப்...

பதில்: மேல படிங்க, தயவுசெஞ்சி.

கேள்வி: மகளுக்கு டுபாய் வேலை, ஏஜென்சி சரியா?

பதில்: என் வேலை இல்ல அக்கா. வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்துல லைசன்ஸ் இருக்கான்னு கேளுங்க, காசு குடுக்க முன்ன.

கேள்வி: நம்மகிட்ட 18 பேர். ஆறு வருசம் இருந்தவரு மாச சம்பளக்காரர், போறேங்குறாரு. ஏதும் குடுக்கணுமா?

பதில்: 15 பேரோ கூடவோ இருக்க எடத்துல அஞ்சு வருசம் முடிச்சா பணிக்கொடை உண்டு, வருசத்துக்கு அரை மாச சம்பளம், கடைசியா வாங்குன சம்பளப்படி. 30 நாளுக்குள்ள குடுத்துருங்க, இழுக்காதீங்க. குடுக்குறப்ப, தம்பி தங்கச்சி யாராச்சும் வேலை தேடுறாங்களான்னும் கேட்டு பாருங்க.