தடைக்காலத் தூக்கமும் ஒரு நெஞ்சு இறுக்கமும்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 48 வயது. விசைப்படகு டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து பகலும் ராத்திரியும் தூங்குகிறார். படுத்தால் கட்டில் படகு மாதிரி ஆடுகிறது என்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது, வலை பின்ன உட்கார்ந்தால் கை விரல்கள் மரத்துப்போகின்றன. முதுகுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். வலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தால் நெஞ்சை இறுக்குகிறதாம். உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது, வாயுதான் என்கிறார். இப்படியே படுத்துக் கிடந்தால் ஜூனில் கடலுக்குப் போவாரா? சத்து ஊசி போடலாமா? – ஒரு வாசகி, ராமேஸ்வரம்

பதில்: தூங்கித் தூங்கி யாரும் படுத்த படுக்கையாகிவிடுவதில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். தடைக்காலம் 45 நாளாக இருந்தபோதும் இந்தக் கேள்வி எனக்கு வந்தது, 2017-இல் 61 நாளான பிறகும் வருகிறது. ஏப்ரல் கடைசியில் வரத் தொடங்கும், மே பாதியில் தானாக நின்றுவிடும். காரணம் எளிது. வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய், ராத்திரி முழுக்க வலை இழுத்து, மறுநாள் காலை கரை சேருகிறவர் வருஷத்தில் பத்து மாதம் அரைத்தூக்கத்தில்தான் வாழ்கிறார். சரக்கை இறக்கி, எடை போட்டு, கணக்கு முடித்துப் படுத்தால் வெயில் எழுப்பிவிடும். அந்தப் பாக்கியைத்தான் உடம்பு இப்போது வசூல் செய்கிறது. தூங்கட்டும். எழுப்பி எழுப்பி 'சோம்பேறி' என்று சொல்லாமல் இருந்தாலே பாதி வைத்தியம். பகல் தூக்கத்தை மூன்று மணிக்குள் முடித்துக்கொண்டால் ராத்திரித் தூக்கம் கெடாது. மூன்று வாரம் தாண்டியும் அசதி குறையவில்லை என்றால் சர்க்கரை, ரத்தச்சோகை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடலாம். அதற்கு முன் சத்து ஊசி எதற்கு?

கட்டில் ஆடுவது பல நாள் அலையில் நின்றவர்களுக்குக் கரையில் வருவதுதான். மூளை இன்னும் படகில் இருக்கிறது, சில நாளில் இறங்கிவிடும். இதைப் போனில் தேடினால் மூளைக்கட்டி வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தேடாதீர்கள். விரல் மரப்பு, நாள் முழுக்க உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களுக்கு வருவது. நடுநடுவே எழுந்து கையை உதறினால் குறையும். பசி குறைவு? கத்தரி வெயிலில் எனக்கும்தான் இல்லை.

இனி, நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம். மூட்டையோடு மணலில் நடந்தால் நெஞ்சு இறுக்கம், உட்கார்ந்தால் போய்விடுகிறது. வாயு சுமை பார்த்து வராது, உட்கார்ந்ததும் ஓடிவிடாது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால், உடம்பு வேலை செய்யும்போது இதயத்துக்கு ரத்தம் போதாது; இறுக்கும். உட்கார்ந்ததும் தேவை குறைகிறது, இறுக்கமும் போகிறது. ஓய்வெடுத்ததும் போய்விடுவதால்தான் பலரும் இதை நம்புவதில்லை. ஆனால் டாக்டருக்கு அதுதான் அடையாளமே.

இரண்டு நாளுக்குள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். 'மூட்டை தூக்கினால் இறுக்குகிறது, உட்கார்ந்தால் விடுகிறது' என்று இதே வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். 'லேசா வாயு' என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி நன்றாகவே வரலாம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். எக்கோவும் (இதய ஸ்கேன்) டிரெட்மில்லும் (நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி) தேவையா என்று கேளுங்கள். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள். பீடி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்றோடு நிற்க வேண்டும்.

முதுகுவலி மாத்திரையையும் நிறுத்தச் சொல்லுங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டைக்ளோபீனாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், மாரடைப்பு வரும் வாய்ப்பையும் கூட்டும். சந்தேகம் இருக்கிற நெஞ்சுக்கு இதைவிடக் கெட்ட துணை இல்லை.

சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வந்தாலோ அன்றே கூட்டிப் போங்கள். உட்கார்ந்த பிறகும் சில நிமிடத்தில் விடவில்லை, அல்லது வியர்க்கிறது, அல்லது இடது கையிலோ தாடையிலோ வலி இறங்குகிறது என்றால் உடனே 108. பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகக் கூடாது. சோடா வாங்கிக் கொடுத்து ஏப்பத்துக்குக் காத்திருக்கவும் கூடாது.

இது தடைக்காலத்தில் தெரிந்தது நல்லதாகப் போயிற்று. கடலில் இருக்கும்போது இறுக்கியிருந்தால் கரை சேரவே பல மணி நேரம். தடைக்காலத்தில் அதிகாரிகள் வந்து படகுகளை ஆய்வு செய்கிறார்கள், முதலாளி பலகை மாற்றிப் பெயிண்ட் அடிக்கிறார். டிரைவரை யாரும் பார்ப்பதில்லை.

கடலுக்குப் போவாரா என்று கேட்டீர்கள். அடைப்பே இருந்தாலும் மருந்திலோ, குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்டிலோ சரிசெய்துகொண்டு வேலைக்குத் திரும்பியவர்கள் நிறைய. தடை முடியும் ஜூன் 14 ராத்திரியே போக வேண்டும் என்று மட்டும் நாள் குறிக்காதீர்கள். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். அதுவரை வலை மூட்டையை வேறு யாராவது தூக்கட்டும், அவர் தூங்கட்டும்.