‘இல்லை’ என்று போட்ட எஸ்டாவோடு விமானம் ஏறலாமா?

கேள்வி: வக்கீல் சார், என் பூர்வீகம் சென்னை. இப்போது சிங்கப்பூர்க் குடிமகன். தம்பிக்கு அடுத்த மாதம் அமெரிக்காவில் கல்யாணம். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஆன்லைனில் எஸ்டா அனுமதி வாங்கினால் போதும் என்பதால் ஒரு ஏஜென்டிடம் கொடுத்தேன். 240 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டார். அரசாங்கக் கட்டணம் சுமார் 40 அமெரிக்க டாலர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டால் என் மனைவி எதிரிலேயே மரியாதை இல்லாமல் பேசினார். இன்னொரு விஷயம்: 2014-ல் இந்திய பாஸ்போர்ட்டில் சென்னையில் அமெரிக்க விசா கேட்டு ரிஜெக்ட் ஆனது. ஏஜென்ட் போனில் அதைப் பற்றிக் கேட்டபோது, “அது பழைய பாஸ்போர்ட், பழைய கதை” என்றேன். “அப்போ ‘இல்லை’ என்றே போட்டுவிடலாம்” என்றார். எஸ்டாவும் வந்துவிட்டது. இப்போது பாதிப் பணம் தருகிறேன், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். முழுப் பணமும் மன உளைச்சலுக்கு நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி ஏஜென்டைப் பற்றியது. அதை ஒதுக்கி வைக்கிறேன். கட்டணத்துக்கு மேல் சேவைக்கூலி வாங்குவது தன்னளவில் குற்றமில்லை. மரியாதைக் குறைவாகப் பேசியதற்கு நஷ்டஈடு எதுவும் வரப்போவதில்லை. நீங்கள் ‘இன்னொரு விஷயம்’ என்று போகிற போக்கில் எழுதியதுதான் வழக்கு. நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்த எஸ்டாவை வைத்துக்கொண்டு விமானம் ஏறலாமா என்பது. ஏறாதீர்கள்.

எஸ்டா படிவத்தில் உள்ள கேள்வி, ‘இப்போதைய அல்லது முந்தைய பாஸ்போர்ட்டில்’ விண்ணப்பித்த அமெரிக்க விசா எப்போதாவது மறுக்கப்பட்டதா என்று கேட்கிறது. முந்தைய பாஸ்போர்ட் என்பதை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறார்கள். எனவே பழைய பாஸ்போர்ட் என்ற சமாதானம் முதல் வரியிலேயே அடிபட்டுப் போகிறது. குடியுரிமை மாறியதும் உதவாது. 2014-ல் சென்னையில் பத்து விரல் ரேகையும் கொடுத்திருப்பீர்கள். பாஸ்போர்ட் எண் மாறும், ரேகை மாறாது. அங்கே இறங்கி விரலை வைத்தால் அந்தப் பழைய ஃபைல் திரையில் வர வாய்ப்பு அதிகம்.

“எஸ்டாதான் கிடைத்துவிட்டதே?” என்பீர்கள். கிடைத்தது விமானம் ஏற அனுமதி மட்டுமே. உள்ளே விடுவதா என்பதை இறங்கும் இடத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்வார். இந்த இடத்தில்தான் பலர் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். விசா இல்லாமல் போகும் திட்டத்தில் சேரும்போதே, அந்த அதிகாரியின் முடிவை எதிர்த்து முறையிடும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்து விடுகிறீர்கள். அடைக்கலம் கேட்பது மட்டும் விதிவிலக்கு. படிவத்தின் கடைசியில் வரும் அந்தப் பத்தியை யாரும் படிப்பதில்லை. ஏஜென்ட் நிரப்பினால் கண்ணில்கூடப் படாது.

ஏஜென்டின் மேல் பழியைப் போட்டுத் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். வேறொருவர் நிரப்பலாம், ஆனால் பதில்களுக்குப் பொறுப்பு பயணிதான். உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாமல் அவராகவே ‘இல்லை’ என்று போட்டிருந்தால் நிலைமை வேறு. பொய்த் தகவல் தருபவர்கள் உள்ளே வரத் தடை போடும் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் 212(ஏ)(6)(சி)(ஐ) பிரிவு பாய, முக்கியமான விஷயத்தை மறைத்தால் மட்டும் போதாது, தெரிந்தே மறைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்டார், நீங்கள் “பழைய கதை” என்றீர்கள், அவர் ‘இல்லை’ என்று போடப்போவதாகச் சொன்னார், நீங்கள் சும்மா இருந்தீர்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மறுப்பு ‘முக்கியமான விஷயமா’ என்று வாதாட இடமிருக்கிறது, ‘தெரிந்தே’ என்பதிலும் கொஞ்சம் இடமிருக்கிறது. ஆனால் அந்த வாதத்தைக் கேட்க விமான நிலையத்தில் நீதிபதி கிடையாது. இரவெல்லாம் தூங்காமல் வந்து இறங்கியவரிடம் அதிகாரி கேள்வி கேட்பார், பதிலை எழுதிக்கொள்வார், கையெழுத்து வாங்குவார். “படிவத்தைப் படித்தீர்களா?” என்றால் “இல்லை, ஏஜென்ட்...” என்று ஆரம்பித்து, அடுத்த கேள்வியில் “தெரியும், ஆனால் பழையது என்று நினைத்தேன்” என்பார்கள். அந்த வாக்குமூலம் ஃபைலில் நின்றுவிடும்.

அந்தப் பிரிவு பாய்ந்தால் தடைக்கு ஐந்து வருடம், பத்து வருடம் என்ற கணக்கில்லை, ஆயுளுக்கும்தான். தற்காலிகப் பயணத்துக்கு 212(டி)(3) என்ற விலக்கு கேட்கலாம், ஆனால் அது அதிகாரிகளின் விருப்புரிமை, நாளும் ஆகும். ஒரு கல்யாணத்துக்காக இதைப் பணயம் வைப்பீர்களா?

இன்னொரு பொறியும் உண்டு. சிலர் முதலில் ‘ஆம்’ என்று போட்டு எஸ்டா மறுக்கப்பட்டதும், மறுபடி விண்ணப்பித்து ‘இல்லை’ என்று போடுவார்கள். இரண்டு விண்ணப்பமும் அங்கேதான் இருக்கும். ‘தெரிந்தே’ என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை யாரும் தயாரித்துக் கொடுக்க முடியாது. உங்கள் நண்பர்கள் யாராவது இந்த யோசனையைச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஏஜென்டுடன் பேசிய வாட்ஸ்அப்பையும் அழிக்காதீர்கள்.

சரி, என்ன வழி? பி1/பி2 விசாவுக்கு, அதாவது தொழில், சுற்றுலாவுக்காகத் தற்காலிகமாகப் போய்வரும் விசாவுக்கு, விண்ணப்பியுங்கள். கட்டணம் 185 டாலர். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ‘ஆம்’, எந்த வருடம், எந்த ஊர் என்று எழுதுங்கள். எஸ்டா மறுக்கப்பட்டதா என்றும் கேட்பார்கள்; உங்களுக்கு அது ‘இல்லை’தான். நேர்காணலில் அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, எஸ்டாவில் தவறான பதில் போயிருக்கிறது, அதைப் பயன்படுத்தவில்லை, திருத்திக்கொள்ளவே விசாவுக்கு வந்திருக்கிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். தவறான தகவலைத் தானாக, உரிய நேரத்தில் திரும்பப் பெற்றால் அதை உங்களுக்கு எதிராக வைக்காத நடைமுறை அமெரிக்க விசா விதிகளில் இருக்கிறது. மாட்டிக்கொண்ட பிறகு சொன்னால் அந்தச் சலுகை கிடையாது. எந்த வார்த்தையில் சொல்வது என்பதை மட்டும், படிவத்தை அனுப்பும் முன் ஓர் அமெரிக்கக் குடிவரவு வக்கீலிடம் காட்டி முடிவு செய்யுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

2014-ல் ரிஜெக்ட் ஆனது பெரும்பாலும் 214(பி) பிரிவில் இருக்கும்: திரும்பி வருவீர்கள் என்று நம்ப வைக்க முடியவில்லை என்று பொருள். அது நிரந்தரத் தடையே இல்லை. இப்போது சிங்கப்பூரில் குடும்பம், வேலை என்று இருக்கும் உங்களுக்கு அதை ஒத்துக்கொள்வதால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை மறைக்கப் போய்ச் சிக்கலை வாங்கிக்கொண்டீர்கள் என்பதுதான் வருத்தம்.

அடுத்த மாதத்துக்குள் நேர்காணல் தேதி கிடைக்காமல் போகலாம். அப்படியானால் கல்யாணத்தை வீடியோவில்தான் பார்க்க வேண்டும்.

ஏஜென்ட் விஷயம்: பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் சிறு உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம் என்பது உண்மை. ஆனால் போட்டால், அந்த போன் உரையாடலை நீங்களே எழுத்தில் விவரிக்க வேண்டி வரும். 120 வெள்ளிக்காக உங்களுக்கு எதிரான ஆவணத்தை நீங்களே எழுதுவானேன்?

கையெழுத்துக் கேட்கும் கடிதத்தை மட்டும் வரிவரியாகப் படியுங்கள். ‘விவரங்கள் அனைத்தையும் நானே சரிபார்த்து ஒப்புதல் அளித்தேன்’ என்பது போல ஒரு வரி நிச்சயம் இருக்கும். அதற்காகத்தான் அவர் பணமே தருகிறார். அந்த வரியை அடியுங்கள். இன்ன தொகை பெற்றுக்கொண்டேன், இனி இருவருக்கும் கணக்கு இல்லை என்பதோடு கடிதம் நிற்கட்டும். அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பணத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். கையெழுத்துப் போடாமல் வெளியே வந்துவிடுங்கள்.